விஜயாவுக்கு ஒரு இஸ்திரிப் பெட்டி

ஆனி 3, வியாழன்

வெயில். இலை அசையவில்லை. மேட்டூர் இன்னும் திறக்கவில்லை. குறுவை நாற்றுக்கு ஊர் முழுக்க போர் மோட்டார் ஓடுகிற சத்தம்.

காலையில் அமெரிக்காவிலிருந்து வி. போன். மகள் சுமதியின் பிரசவத்துக்குத் தையில் போனவள். பேரன் குப்புற விழுகிறானாம். "விசா ஆடியோட முடியுதுங்க, வந்துடுறேன்" என்றாள். இங்கே தலையணை உறைக்குக் கட்டத்துணி ஒட்டுத் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு, அங்கே பக்கத்து வீட்டு வெள்ளைக்காரம்மா ஒட்டுத்துணி மெத்தை தைக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறாளாம். வந்ததும் இங்கே உட்கார்ந்து தைக்கப்போகிறாளாம்.

"நம்ம பழைய இஸ்திரிப் பெட்டி ஆகாது. ஒவ்வொரு தையலையும் அமுக்கித் தேய்க்கணும். நல்லதா ஒண்ணு வாங்கி வைங்க. பெட்டி இருந்தா வந்த அன்னிக்கே உக்காந்துடுவேன்."

கும்பகோணத்தில் நான் கால் வைத்தால் கடைக்காரர்கள் எழுந்து நிற்பார்கள் என்றேன். சிரித்தாள். லைன் கட்.

தையல் மிஷின் உறையைத் தட்டிப் போட்டேன். வெள்ளத்தில் இதை ஒற்றை ஆளாகத் தூக்கி மச்சில் வைத்தவன் நான். மூன்று பேர் தூக்குகிற கனம். நாலு பேர்.

ஆனி 5, சனி

பார்க்கவேண்டியது, வி. சொன்னபடி: கனம் வேண்டும். அடித்தட்டு வழவழப்பு. மூக்குக் கூர்மை (மூலைத் தையலுக்கு). சூடு ஒரே அளவில் நிற்கவேண்டும். வயர் நீளம்.

பஸ்ஸில் தாராசுரம் வரை நின்றபடி. கும்பகோணத்தில் ஹாஜா பாய் கடை. பாரின் சாமானும் வைத்திருக்கிறார், மச்சான் துபாயில். ஆவி விடுகிற பெட்டி ஒன்றை எடுத்து வைத்தார்.

"மாமி வராங்களா மாமா?"

"பின்னே? அமெரிக்காவுல விடமாட்டேங்கிறாங்க. இவ தையலைப் பாத்துட்டு அங்கேயே கடை வச்சுத் தரேன்னு ஒரு கவர்னர் பொண்டாட்டி கெஞ்சுறாளாம்."

"கவர்னரா!"

"அந்தப் பக்கத்துக் கவர்னர்."

பிடிக்காவிட்டால் திருப்பித் தரலாம் என்று கொடுத்தார். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் மூன்று பேர் என்ன என்று கேட்டார்கள். மூன்று பேருக்கும் விவரமாகச் சொன்னேன்.

ஆனி 6, ஞாயிறு

போன் வரும் என்று குளிக்காமல் இருந்தேன். வரவில்லை.

காலை எட்டு மணிக்குப் பெட்டியைப் போட்டேன். சூடே ஏறவில்லை. ஆவிக்கு போர்த் தண்ணீர் ஊற்றினேன். மூக்கிலிருந்து வெள்ளைப் பொடியாகக் கக்கியது. நல்லவேளை, என் பழைய வேட்டியில்தான் பரீட்சை. பெட்டி லேசு வேறு. நெல் மூட்டை தூக்கிய கைக்கு வெற்றிலை மாதிரி இருக்கிறது.

மறுபடி இரண்டு பேருக்கு உலை வைத்துவிட்டேன். ராத்திரிக்கும் அதுவே.

ஆனி 8, செவ்வாய்

திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. இப்போது ஆவி இல்லாத கனப்பெட்டி, நம்மூர்ச் சரக்கு. அடித்தட்டில் முகம் தெரிகிறது. (முகம் அவ்வளவு மோசமில்லை.)

"மாமா, பொண்ணு பாக்கக்கூட இத்தன தடவ போயிருக்க மாட்டீங்க" என்றார் ஹாஜா.

ஒரே தடவைதான் போனேன். அதை அவரிடம் சொல்லவில்லை. ஏழு இடம் பார்த்தேன், ஏழு பெண்களும் அழுதார்கள் என்றேன்.

ஆனி 9, புதன்

காலை. இதுவும் சூடேறவில்லை! துணிமேல் வைத்தால் பூனை உட்கார்ந்த சூடு. சுருக்கம் அப்படியே நிற்கிறது. ஆத்திரம். ஆடிக்கு எத்தனை நாள் இருக்கிறது? பெட்டி இல்லாத வீட்டுக்கு அவள் எதற்கு வருவாள்.

உடனே பஸ். ஹாஜா கடையில் மாட்டினால் ஒரு நொடியில் சுடுகிறது. எச்சில் தொட்டு வைத்தேன், சுர் என்றது.

"காலையிலயா போட்டீங்க?"

"ஆமா."

"விளக்கு எப்படி எரிஞ்சுது?"

"நெருப்புக்குச்சி மாதிரி செவப்பா."

"பெட்டி மேல ஏன் மாமா பழி போடுறீங்க? உங்க ஊருல காலையில மோட்டாருக்கு த்ரீ பேஸ் வுடுறான். அத்தன மோட்டாரும் கரண்ட்ட உறிஞ்சிட்டா பெட்டிக்கு என்ன மிஞ்சும்? மத்தியானம் மோட்டார் நின்னப்புறம் போடுங்க."

எனக்கு முதல் நாளே தெரியும். உனக்குத் தெரியுமா என்று பார்த்தேன், அவ்வளவுதான் என்றேன். நம்பாமல் டீ வாங்கிக் கொடுத்தார்.

மாலை. மத்தியானம் மோட்டார் சத்தம் நின்றதும் போட்டேன். அடேயப்பா! வி. வெட்டி வைத்துவிட்டுப் போன கட்டத்துணிகள் மிஷின் டிராயரில். இரண்டு இரண்டாக ஒட்டுத் தைத்ததை எடுத்து, பெட்டியைத் தையல்மேல் வைத்துத் தூக்கினேன். இழுக்கவில்லை, இழுத்தால் கட்டம் கோணும் என்று எப்போதும் திட்டுவாள். தையல் தாள் மாதிரி படிந்தது. தஞ்சாவூர் ஜில்லாவிலேயே இப்படி ஒரு பெட்டி கிடையாது. நாகப்பட்டினத்தையும் சேர்த்து.

யாரிடமாவது சொல்லவேண்டும். எதிர்வீட்டுப் பாக்கியம் நடவுக்குப் போயிருந்தாள். அவள் வீட்டு ஆட்டிடம் சொன்னேன்.

ஆனி 13, ஞாயிறு

போன் வந்தது. பெட்டியைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு எடுத்தேன், பெருமையாகச் சொல்ல.

வி. குரல் சரியில்லை. சுமதி அடுத்த மாதம் வேலையில் சேரவேண்டுமாம். பிள்ளையைப் பார்க்க ஆள் இல்லை. விசாவை இன்னும் ஆறு மாதம் நீட்டிக்கலாம் என்கிறாராம் மாப்பிள்ளை.

"நான் முடியாதுன்னுட்டேங்க. அவரு தனியா கெடக்காரு, ஆடியில வரேன்னு வாக்குக் குடுத்துட்டேன்னேன். சுமதி மூஞ்சிய தூக்கி வச்சுக்கிட்டிருக்கா." பின்னால் குழந்தை அழுகிற சத்தம். "நீங்க என்ன சொல்றீங்க? பெட்டி வாங்கிட்டீங்களா?"

பெட்டியின் கைப்பிடி என் கையில்தான் இருந்தது.

"எங்க வாங்குறது? கும்பகோணம் பூரா அலைஞ்சாச்சு. ஒண்ணும் உருப்படி இல்ல. ஒண்ணு லேசு, ஒண்ணு பொடியக் கக்குது. ஆர்டர் குடுத்திருக்கேன், கப்பல்ல வரணுமாம், தை ஆயிடும். நீ இப்ப வந்து என்ன பண்ணப்போற? சும்மா உக்காந்திருப்ப."

குழந்தையைத் தோளில் போட்டுத் தட்டுகிற சத்தம்.

"ஒரு பெட்டிக்கா கப்பல்?"

"சாதாரணப் பெட்டியா?"

"சாப்பிடுறீங்களா?"

"இங்க தெனம் விருந்து. தெருவே நம்ம வீட்லதான்."

சரி என்றாள். அழுதாளா, லைன் இரைச்சலா தெரியவில்லை. இரைச்சல்தான்.

ஆனி 22, செவ்வாய்

மேட்டூர் திறந்து வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு மோட்டாரும் ஓடவில்லை. காலையிலேயே விளக்கு வெள்ளையாக எரிகிறது. இனி எந்த நேரமும் தேய்க்கலாம்.

கட்டத்துணி எல்லாம் ஆயிற்று. சட்டை நாலும் ஆயிற்று. தலையணை உறை, துண்டு, மிஷின் உறை. பெட்டியை ஆறவிட்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். பாக்கியம் வி.யோடு போனில் பேசுகிறவள்.

நினைத்தபடியே வாசலில் வந்து நின்றாள். "என்ன பெரியப்பா, மடிப்பு கத்தி மாதிரி நிக்குது? பெட்டி வாங்கிட்டீங்களா?"

ஜில்லாவிலேயே இல்லாத பெட்டி. வாய் வரை வந்தது.

"பெட்டி ஏது? செம்புல கங்கு போட்டுத் தேச்சேன்" என்றேன்.