குண்டனின் நடை

மார்ச் 3, செவ்வாய்

மர மீன்களுக்கு நேற்றுப் பூசிய எபாக்சிப் பூச்சு இன்னும் காயவில்லை. தொட்டால் விரல் ஒட்டுகிறது. குளியலறைக் கொடியில் வரிசையாகத் தொங்கவிட்டிருந்தேன். துண்டு எடுக்கப் போன என் மனைவியின் தலைமுடியில் ஒன்று ஒட்டிக்கொண்டது. "இந்த வீட்ல மனுஷங்க குளிக்கணுமா வேணாமா?" என்று கத்தினாள். நல்லவேளை, தூண்டில் முள் இன்னும் மாட்டவில்லை.

மீனை ஏமாற்றத் தூண்டிலில் கட்டுகிற இதைக் கடைக்காரர்கள் லூர் என்பார்கள். எங்கள் வீட்டில் பொய்மீன். பகலெல்லாம் பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சை வைத்துப் பல் செட் செய்கிறேன். சாயங்காலம் மரத்தைச் செதுக்கி மீன் செய்கிறேன். இரண்டும் பொய்தான். இரண்டும் தண்ணீரில் முழுகும்.

காய்ந்திருந்த ஒன்றை மட்டும் தொட்டியில் விட்டு இழுத்துப் பார்த்தேன். போன மாதம் வரை அது மேசைக்கால். தூண்டில் நரம்பு இறுகியதும் உடம்பை ஆட்டிக்கொண்டு கிளம்பிவிட்டது! தாடையில் வைத்த சின்னத் தகடு தண்ணீரைத் தள்ளுகிறது, தண்ணீர் திருப்பித் தள்ளுகிறது, அவ்வளவுதான் விஷயம். அது தெரிந்தும் ஒவ்வொரு முறையும் வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறேன். மேசைக்காலுக்குள் இந்த ஆட்டம் எங்கே இருந்தது?

மார்ச் 8, ஞாயிறு

அக்காவோடு குவாரிக் குளம். கல் வெட்டி எடுத்த பள்ளத்தில் தண்ணீர் நின்று குளமாகிவிட்ட இடம். மீன் பிடிப்பது அவள், ஃபிளாஸ்க்கோடு கரையில் உட்கார்வது நான். எனக்குத் தூண்டில் போடப் பிடிக்காது. வாரம் முழுக்க வாய், ஞாயிற்றுக்கிழமையும் வாயா?

குண்டன் பாறையில் மோதித் தகட்டை உடைத்துக்கொண்டான். குண்டன் நான் முதன்முதலில் செய்த பொய்மீன். உடைந்த நாற்காலிக் காலில் செதுக்கியது. வயிறு ஒரு பக்கம் பிதுங்கியிருக்கும், கண் இரண்டும் இரண்டு உயரத்தில். அதற்குப் பிறகு அக்காவுக்கு எவ்வளவோ அழகாகச் செய்து கொடுத்துவிட்டேன். எல்லாவற்றையும் கண்ணாடி அலமாரியில் வைத்துவிட்டு இந்தக் கோமாளியோடுதான் குளத்துக்கு வருவாள். எனக்கு மானம் போகும்.

"தகட்ட மட்டும் போட்டுக் குடு. வேற எதையும் நோண்டாத" என்றாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவள். ரிட்டயர் ஆகியும் குரலில் விசில் இருக்கிறது.

திரும்பும்போது தரையில் கிடந்த குழாயில் தடுக்கிக்கொண்டாள். கண் அழுத்த நோய். பக்கவாட்டுப் பார்வை போய்விட்டது. குழாய்க்குள்ளிருந்து பார்க்கிற மாதிரி இருக்கிறதாம். போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் கையைப் பிடித்தேன். தட்டிவிட்டாள்.

மார்ச் 10, செவ்வாய்

குண்டன் மேசை மேல் படுத்திருக்கிறான். எதையும் தொடுமுன் அச்சு எடுத்துவிடுவது தொழில் பழக்கம். இவனுக்கும் எடுத்துவிட்டேன்.

பார்க்கப் பார்க்கக் கை அரிக்கிறது. தகடு செருகிய வெட்டு இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. வயிற்றைத் திறந்தால் உள்ளே எடைக்கு வைத்த ஈயம் வலப்பக்கமாக ஒதுங்கிக் கிடக்கிறது. இதையா இத்தனை வருடம் இழுத்துக்கொண்டிருந்தாள்? இப்படிக் கோணலாக ஒரு பல் செட்டை அனுப்பினால் டாக்டர் என் தலையிலேயே எறிவார்.

எப்படியும் தகடு போடத்தான் போகிறோம். அதோடு இதையும் நேராக்கிவிட்டால் என்ன? சந்தோஷம்தானே படுவாள்.

மார்ச் 13, வெள்ளி

முடித்தாயிற்று. ஈயம் நட்டநடுவில். வெட்டை அடைத்து நேராகப் புதிதாக அறுத்தேன். பழைய பெயின்டைச் சுரண்டிவிட்டுச் செதில் செதிலாக வெள்ளி அடித்து, முதுகில் பச்சை ஓட்டி, ஒரே உயரத்தில் இரண்டு கண் வைத்தேன். மனைவியே நின்று பார்த்துவிட்டு "அட, குண்டனா இது? கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கானே!" என்றாள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. தொட்டியில் அளவுகோல் வைத்த மாதிரி நேராக நீந்தினான்.

மார்ச் 15, ஞாயிறு

போச்சு.

அக்கா குண்டனைக் கையில் வாங்கி விரலால் தடவினாள். வீசினாள், ரீலைச் சுற்றினாள். பாதித் தூரம் வருவதற்குள் நிறுத்திவிட்டாள்.

"இது அவன் இல்லடா."

"அவன்தான்க்கா. கொஞ்சம் சரி பண்ணியிருக்கேன், அவ்வளவுதான்."

"என்ன பண்ணின?"

சொன்னேன். சொல்லச் சொல்ல என் முகத்தில் ஈயாடவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. தூண்டில் ராடை மடக்கிப் பையில் வைத்தாள்.

"பரவால்லடா. எப்பவோ ஒரு நாள் நிறுத்தித்தான ஆகணும்."

விசில் இல்லாத குரல். வீடு வரைக்கும் என் கையைத் தட்டிவிடவே இல்லை. அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

மார்ச் 16, திங்கள்

வேலைக்குப் போகும் வழியில் அக்கா வீட்டுக்குப் போனேன். மீன் பிடிப்பதை எதற்கு நிறுத்த வேண்டும், அலமாரியில் அத்தனை இருக்கிறதே என்று கேட்டேன்.

"எனக்கு அவன் எங்க விழறான்னு தெரியறதில்லடா. ஒரு வருஷமாவே தெரியல. தண்ணியே மங்கலாத்தான் இருக்கு."

"அப்புறம் எப்படிப் பிடிக்கற?"

ஆள்காட்டி விரலை நீட்டிக் காட்டினாள். நரம்பை அந்த விரல்மேல் போட்டுக்கொண்டுதான் சுற்றுவாளாம். குண்டன் ஆடுவது விரலில் தெரியுமாம். தட் தட் தட் என்று போவான், திடீரென்று ஒரு தடுக்கல், மறுபடி தட் தட். பாசிக்குள் போனால் அடி மந்தமாகும். பாறை கிட்டே வந்தால் கரகரக்கும். பின்னால் மீன் துரத்தி வந்தால் ஆட்டம் ஒரு நொடி தளரும், மீன் தள்ளுகிற தண்ணீர் முன்னால் வந்து முட்டுமாம். தொடுவதற்கு முன்பே அவளுக்குத் தெரிந்துவிடும்!

"நீ குடுத்த மத்ததெல்லாம் ஒரே மாதிரி ஓடும்டா. ஃபேன் சத்தம் மாதிரி. கொஞ்ச நேரத்துல காதுக்கே கேக்காது. அவன்தான் தடுக்கித் தடுக்கி வருவான். தூங்க விட மாட்டான்."

இத்தனை வருடம் அந்தக் கரையில் உட்கார்ந்து காபி குடித்திருக்கிறேன். பக்கத்தில் ஒருத்தி ஒற்றை விரலால் குளத்தின் அடித்தரை முழுவதையும் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்குத் தெரியவே தெரியாது.

மார்ச் 18, புதன்

வேலையில் மனம் ஓடவில்லை. ஒரு கடைவாய்ப் பல்லைத் திருப்பி வைத்துவிட்டேன்.

அச்சு இருக்கிறது. வெளி உருவம் தப்பித்தது. தகட்டின் சாய்வையும் அளந்துவிடலாம். ஈயம்? வலப்பக்கம் என்று மட்டும் ஞாபகம். எவ்வளவு? எவ்வளவு ஆழம்? எடுத்து உருக்கிவிட்டேனே, மடையன்!

யோசித்துப் பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. தகடு இடப்பக்கம் இழுக்கும். ஈயம் வலப்பக்கம் சாய்க்கும். தனித்தனியாக இரண்டும் தப்பு. சேர்ந்தால் ஒன்றையொன்று பிடித்து நிறுத்துகின்றன. எப்போதாவது பிடி நழுவும்போது ஒரு தடுக்கல், உடனே சுதாரித்துக்கொள்வான். கத்தி பிடிக்கவே தெரியாத நாளில் என் கையிலிருந்து இது எப்படி வந்தது? இப்போது வேண்டுமென்று செய்யச் சொன்னால் முழிக்கிறேன்.

மார்ச் 21, சனி

அச்சைப் பார்த்து, அதே உருவத்தில் சும்மா மரத்தில் சில உடம்புகள் செதுக்கினேன். தகடு அதே சாய்வில். பெயின்ட் கிடையாது. பசைக்குப் பதில் பல் செட்டுக்கு வைக்கும் மெழுகால் ஈயத்தை அடைத்தேன். மெழுகைச் சுரண்டினால் ஈயத்தை நகர்த்தலாம். ஒவ்வொன்றிலும் வேறு வேறு இடம்.

அக்காவைக் கிளப்புவதுதான் பெரும்பாடாகிவிட்டது. "எனக்கு வேலை இருக்குடா" என்றாள். என்ன வேலை, அலமாரியைத் துடைக்கிற வேலை. கடைசியில் என் மனைவிதான் போனில் "அண்ணி, நீங்க வரலன்னா இவரு குளியலறையிலேயே குடியிருந்துடுவாரு. என்னைக் காப்பாத்துங்க" என்று சொல்லி வரவைத்தாள்.

மார்ச் 22, ஞாயிறு

நாள் முழுக்கக் குளத்தில். அக்கா வீசுவாள், சுற்றுவாள், சொல்லுவாள். நான் அதை அப்படியே வைத்துவிட்டு, அடுத்ததில் மெழுகைச் சுரண்டி ஈயத்தை நகர்த்தி அடைப்பேன்.

"இவன் சோம்பேறி. எழுந்திருக்கவே மாட்டேங்கறான்."

"இவனுக்கு உடம்பு நடுங்குது. குளிர்ல விட்டுட்டியா?"

"இவன் அவசரக்காரன். யாரு துரத்தறா இவன?"

"இங்க கொஞ்சம் தூக்குதா? இப்ப சரியா?" என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன். பல் செட் மாட்டியவர்களிடம் கேட்கிற அதே கேள்வி. வாய்க்குள் என்ன நடக்கிறது என்று வைத்துக்கொண்டிருப்பவருக்குத்தான் தெரியும். நான் வெளியே நின்று அவர் முகத்தைப் பார்க்கத்தான் முடியும். அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடியிருந்தாள். விரல் மட்டும் முழித்துக்கொண்டிருந்தது.

குண்டன் வரவில்லை. ஆனால் அக்கா மதியம் சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை.

மார்ச் 26, வியாழன்

வேலை முடிந்ததும் நேராகக் குளம். நேற்று இங்கே ஒரு உடம்பில் "கிட்ட வந்துட்டடா" என்றாள் அக்கா. குண்டனின் தகட்டைப் பழைய சாய்வில் செருகி, அதே இடத்தில் அவன் சொந்த வயிற்றைத் துளைத்து ஈயத்தை வைத்துக்கொண்டு போயிருந்தேன்.

வீசினாள். சுற்ற ஆரம்பித்தாள். நின்றாள். மறுபடி சுற்றினாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"வந்துட்டான்."

அப்புறம் "இங்க வா" என்றாள். ராடை என் கையில் திணித்து, என் விரலைப் பிடித்து நரம்பின் கீழே வைத்தாள். "கண்ண மூடு. சுத்து."

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு தட் தட் தட். நூலளவு துடிப்பு. பூனைக்குட்டியின் நெஞ்சில் கை வைத்த மாதிரி. திடீரென்று ஒரு தடுக்கல். ஐயோ, என் கால்தான் தடுக்கியது போலப் பதறிவிட்டேன்! உடனே மறுபடி தட் தட் தட். மந்தமானது, "பாசி" என்றாள் அக்கா. கரகரத்தது, "பெரிய பாறை. பக்கத்துல இன்னொண்ணு இருக்கு பாரு." இருந்தது! கருப்பாகத் தெரியும் அந்தத் தண்ணீருக்கு அடியில் இவ்வளவு இருக்கிறது. மேடு, பள்ளம், கல், பாசி எல்லாம் என் விரல் வழியாக எனக்குள் வந்துகொண்டிருந்தன.

கண்ணைத் திறக்கவே மனம் வரவில்லை. "போதும், குடுடா" என்று பிடுங்கிக்கொண்டாள்.

மார்ச் 29, ஞாயிறு

குண்டன் போய்விட்டான்.

பெரிய மீன். அக்கா முன்கூட்டியே சொன்னாள், "வருது வருது" என்று. அடுத்த நொடி ராட் வில்லாக வளைந்தது. ரீல் அலறியது. பாறைக்குக் கீழே இழுத்துக்கொண்டு போய் நரம்பை அறுத்துவிட்டது. எல்லாம் ஒரு பெருமூச்சு விடுகிற நேரம்.

வெறும் நரம்பு காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. அக்கா அதைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது, சொல்வதற்கென்ன. "அளவெல்லாம் எழுதி வெச்சிருக்கேன்க்கா. அப்படியே இன்னொண்ணு செஞ்சுடறேன்" என்றேன்.

"செய்" என்றாள்.

ஏப்ரல் 4, சனி

செய்தேன். அதே உருவம், அதே சாய்வு, அதே ஈயம், ஒரு மயிரளவு பிசகவில்லை. இன்று இழுத்துப் பார்த்தோம். நானே கண்ணை மூடிப் பிடித்துப் பார்த்தேன். அவன் இல்லை.

அந்த நாற்காலிக் காலில் ஏதோ ஒரு முடிச்சு, ஏதோ ஒரு பக்கம் கனம். எந்த அளவுகோலிலும் அது ஏறாது. எனக்குக் கோபம்கூட வரவில்லை. இப்படிப்பட்ட ஒன்றைச் செய்தவன் நான்தானா என்றுதான் திகைப்பாக இருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

நான் கூப்பிடப் போகவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவது? அக்காவே வந்து கதவைத் தட்டினாள். தட்டுத்தடுமாறி, தனியாக, இரண்டு தெரு தாண்டி.

"கிளம்பு. அந்தப் பையையும் எடுத்துக்க."

"எந்தப் பை?"

"அந்த மெழுகு வெச்ச பசங்கடா. சோம்பேறி, நடுங்கறவன், அவசரக்காரன். எல்லாரும் இருக்காங்களா, உருக்கிட்டியா?"

இருந்தார்கள். பெயின்ட் இல்லாமல், கண் இல்லாமல், வயிற்றில் மெழுகோடு, பார்க்கவே பரிதாபமாக.

"குண்டனைத் தேடறேன்னு அத்தன பேரோட நடையையும் கேட்டேன்ல? ராத்திரி படுத்தா விரல்ல அவனுங்கதான் ஓடறானுங்க. சோம்பேறிய மெதுவா இழுத்தா பாசி மேல உரசிக்கிட்டு வருவான். குண்டனால அது முடியாது."

குளத்தில் பையைத் திறந்து ஒவ்வொன்றாகத் தடவினாள். தகட்டையும் வயிற்றையும் தொட்டே ஆளைச் சொல்லிவிட்டாள். ஒன்றில்கூடத் தவறவில்லை. நான் கண்ணால் பார்த்தும் இரண்டை மாற்றிச் சொன்னேன்.

மெழுகை எடுத்துவிட்டுப் பசை வைத்துத் தரட்டுமா, வண்ணமும் அடிக்கிறேன் என்றேன். "பசை வை. வண்ணத்த உன் இஷ்டத்துக்கு அடிச்சுக்க. சரி பண்ணறேன்னு மட்டும் கிளம்பாத" என்றாள். விசில் திரும்பிவிட்டது.

சாயங்காலம் நடுங்குகிறவனை வைத்து ஒன்று பிடித்தாள். கையளவு மீன். அதற்கு அவள் போட்ட சத்தத்தில் எதிர்க்கரையில் இருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

ஏப்ரல் 9, வியாழன்

அவசரக்காரனுக்கு மஞ்சள். கண்களை இரண்டு உயரத்தில் வைத்தேன். மனைவி சிரித்தாள். இருக்கட்டும்.

ஏப்ரல் 21, செவ்வாய்

கண் டாக்டரிடம் போய் வந்தோம். இடது கண்ணில் பார்வை இனி இல்லை. வலதில் இருக்கிற கொஞ்சத்துக்குச் சொட்டு மருந்தை மாற்றிக் கொடுத்திருக்கிறார். அக்கா எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். வெளியே வந்ததும் என் முழங்கையைத் தானாகவே பிடித்துக்கொண்டாள்.

தூண்டில் கடை வந்ததும் நிறுத்தினாள். ரீலுக்குப் புது நரம்பு வேண்டும் என்றாள்.

கடைக்காரர் சுருள்களை எடுத்துப் பரப்பினார். "பச்சை இருக்கு, மஞ்சள் இருக்கு, தண்ணி கலரும் இருக்கு. எது வேணும்மா?"

"எதுவா இருந்தா எனக்கென்ன? அடுத்த தடவ அறுந்துபோகாததா குடுங்க."