எழுதாத சிலேட்டு

ஐப்பசி 12, புதன், இரவு.

பழைய சட்டாம்பிள்ளை பாப்பாத்தி, வகுப்பில் பேசுகிறவர்களின் பெயரைச் சிலேட்டில் எழுதுவாள். கெஞ்சினால் கோவையிலையால் அழித்துவிடுவாள். அவளுக்குப் பதில் புதிதாகச் சட்டாம்பிள்ளையாக வந்த சரசு எழுதுவதே இல்லை. "நான் ஆரையும் மாட்டி உட மாட்டேன் புள்ள" என்பாள். எல்லோருக்கும் அவளைப் பிடித்திருக்கிறது.

இன்று கணக்குப் பாடத்தில் கதைப் புத்தகத்தை மடியில் வைத்துப் படித்தேன். சரசு மட்டும்தான் பார்த்தாள், பார்த்துச் சிரித்தாள். மதியம் டீச்சர் நேராக வந்து என் பைக்குள் கையை விட்டு அந்தப் புத்தகத்தை எடுத்தார்.

"இன்னொருக்கா பண்ணினா உங்கய்யனைக் கூட்டிட்டு வரோணும்."

அய்யன் வந்தால் என் படிப்பு நின்றுவிடும்.

"ஆரு புள்ள சொல்லியிருப்பாங்க?" என்று சரசுதான் என் கண்ணைத் துடைத்துவிட்டாள். அவள் சிலேட்டில் ஒன்றும் இல்லை.

இனிமேல் சட்டாம்பிள்ளை சரசுவா, பாப்பாத்தியா என்று நாளை வகுப்பில் கை தூக்க வேண்டும். பாப்பாத்திக்குத் தூக்கினால், அதையும் சரசு பார்ப்பாள்.