மூன்று ஆணிகள்

1932 மார்ச் 8, செவ்வாய்

மலாய் நாட்டுத் தெப்ராவில் துரை பங்களாவின் மாடிப்படிக்கு இன்று கம்பளம் போட ஆரம்பித்தோம். இருபத்திரண்டு படிகள். நடுவில் ஒரு வளைவு வேறு. அந்த வளைவை யார் கட்டினானோ, அவன் கம்பளக்காரனை ஜென்ம விரோதியாக நினைத்திருக்க வேண்டும். ஐந்து படி முடிப்பதற்குள் முழங்கால் இரண்டும் வீங்கிவிட்டன.

நான் வாயில் ஆணிகளை அடக்கிக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி, காந்தச் சுத்தியலில் ஒட்டவைத்து அடிப்பதைத் துரைசாணி கீழே நின்று வேடிக்கை பார்த்தாள். "ஐயாசாமிக்கு அது வாயில்லம்மா, டப்பா!" என்று என்னைக் காட்டிச் சொன்னார் காளியப்பண்ணன். எங்கள் கோஷ்டிக்கு அவர்தான் தலைவர். துரைசாணிக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியம்.

வீட்டுக்கு வந்ததும் மகள் தனத்துக்கு அதே வித்தையைச் செய்து காட்டினேன். நான்கு வயதுக்காரி, சிரித்து உருண்டுவிட்டாள். "இன்னொருவாட்டிப்பா" என்று பத்து தடவை. நல்லவேளை, என் பெண்டாட்டி பேச்சியம்மாள் அடுப்படியில் இருந்தாள். பார்த்திருந்தால் எனக்குச் சோறு கிடைத்திருக்காது.

மார்ச் 10, வியாழன்

பதினொரு படி முடிந்தது. கம்பளக் கடையில் மேலும் இரண்டு பேரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கித்தா ரப்பரின் விலை விழுந்த பிறகு யார் வீட்டில் கம்பளம் போடுகிறார்கள்? நான் இன்னும் இருக்கிறேன். அதுவே போதும்.

மார்ச் 11, வெள்ளி

இங்கே வெள்ளிதான் வார விடுமுறை. எழுதினால்தான் ஒழுங்காக யோசிக்க முடியும்.

பேச்சியம்மாள் துணி துவைக்கக் குழாயடிக்குப் போயிருந்தாள். நான் பாயில் படுத்திருந்தேன். தனம் வித்தை காட்டச் சொன்னாள். அவள் கையில் மூன்று ஆணிகளைக் கொடுத்து, ஒவ்வொன்றாக என் வாயில் வைக்கச் சொன்னேன். மூன்று. நன்றாக நினைவிருக்கிறது. சட்டைப் பையில் மிச்சம் இருந்ததே அவ்வளவுதான்.

கண் அசந்துவிட்டேன்.

"அப்பா, நானும் வாயில வச்சேன். முழுங்கிட்டேன்." அவள் முகத்தில் பயமே இல்லை. வித்தையைச் செய்து முடித்த பெருமைதான்.

ஒரு ஆணி பாயில் கிடந்தது. மற்ற இரண்டைக் காணோம். எத்தனை முழுங்கினாய் என்று கேட்டால் ஒரு விரலைக் காட்டுகிறாள். மறுபடி கேட்டால் ஐந்து விரலையும் காட்டுகிறாள். எங்கள் வீடு தூண்மேல் நிற்கும் பலகை வீடு. பலகை இடுக்கு வழியாகக் கீழே விழுந்திருக்கலாம் அல்லவா? காந்தச் சுத்தியலை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு அடியில் தவழ்ந்து மண் முழுக்கத் தடவினேன். ஒரு துருப்பிடித்த கொக்கியும் ஒரு சோடா மூடியும் ஒட்டின. அவ்வளவுதான்.

பேச்சியம்மாளிடம் என்ன சொன்னேன்? "சட்டையிலேருந்து ஒரு ஆணி விழுந்திருக்கு. புள்ள எடுத்து முழுங்கிடுச்சு."

ஒரு ஆணி. ஏன் அப்படிச் சொன்னேன்? மூன்று என்றால், எப்படி மூன்று என்று கேட்பாள். நானே கையில் கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை.

மார்ச் 12, சனி

ஆஸ்பத்திரி. காயம் கட்டி மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் சிற்றம்பலம் யாழ்ப்பாணத்துக்காரர். நிதானமான மனிதர். வயிற்றைத் தொட்டு அமுக்கிப் பார்த்தார்.

"எத்தினை ஆணி?"

"ஒண்ணுங்கய்யா" என்றாள் பேச்சியம்மாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"ஒண்டெண்டால் பயப்பிட வேண்டாம். வாழைப்பழம், கஞ்சி, கிழங்கு, வயிறு நிறையக் குடுங்கோ. ஆணி அதோட தானா வரும். பேதி மருந்து மட்டும் குடுக்கப்படாது. கண்டியளோ? குடல் இழுத்துப் பிடிச்சால் ஆணி குத்திப்போடும்."

வெளியே வந்ததும் திரும்ப உள்ளே போய்ச் சொல்லிவிடலாம் என்று இரண்டு தடவை நின்றேன். இரண்டு தடவையும் பேச்சியம்மாள் திரும்பிப் பார்த்தாள். நடந்தேன்.

மார்ச் 13, ஞாயிறு

லீவு கேட்டேன். "இப்ப லீவு கேட்டா ஒரேயடியா ஊருக்குக் கப்பலேத்தி விட்டுருவானுங்க லா" என்றார் காளியப்பண்ணன். பதினான்காவது படி. வாயில் ஆணியை எண்ணி எண்ணித்தான் போடுகிறேன்.

மார்ச் 14, திங்கள்

ஒன்றும் வரவில்லை. பிள்ளை விளையாடுகிறாள்.

மார்ச் 15, செவ்வாய்

வந்துவிட்டது! ஒன்று.

பேச்சியம்மாள் நாலு நாளாகப் பிள்ளையின் மலத்தைத் தண்ணீரில் கரைத்துத் துழாவிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் நான் வீட்டுப் படியேறும்போதே ஆணியைக் கழுவி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். அழுதாள், சிரித்தாள். என் கையைப் பிடித்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். என் கையை!

பக்கத்து வீட்டுக்கு ஓடி விளக்கெண்ணெய் வாங்கி வந்தாள். "அதான் ஆணி வந்துருச்சே. வயித்த ஒருதடவ சுத்தம் பண்ணிட்டா நிம்மதி."

மடியில் போட்டு மூக்கைப் பிடித்து ஊற்றினாள். நான் நிலைப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வேண்டாம் என்று ஒரு சொல். ஒரே ஒரு சொல். மூன்றாவது மண்ணில்தான் கிடக்கும், எங்கோ ஆழமாகப் புதைந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மருந்து ஊற்றும் சங்கடையில் எண்ணெய் தீர்ந்துவிட்டது.

நான் மனுஷனா?

மார்ச் 16, புதன்

தனம் நாலைந்து தடவை வெளியே போனாள். ஆணி இல்லை. பேச்சியம்மாள் தேடவும் இல்லை. அவள் எதற்குத் தேடுவாள்? நான்தான் அவளுக்குத் தெரியாமல் குச்சியால் கிளறிப் பார்த்தேன்.

பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்திருக்கிறாள். "எண்ண வேல செய்யுது" என்கிறாள் இவள். கடவுளே, எண்ணெயாகவே இருக்கட்டும்.

மார்ச் 17, வியாழன்

காலையில் தனத்தின் நெற்றி கொதித்தது. நான் வேலைக்குப் போனேன். ஆமாம், போனேன். பத்தொன்பதாவது படி. வாயில் ஆணி. நாக்கால் ஒன்றைத் தள்ளினேன், அது தொண்டைப் பக்கம் நழுவியது. அத்தனையையும் படியில் துப்பினேன்.

"டேய், எங்கடா ஓடுற? துரை வர்ற நேரம்டா!" காளியப்பண்ணன் கத்தியது கேட்டது. நிற்கவில்லை. பாதி வழி ஓட்டம், பாதி வழி ஒரு மலாய்க்காரரின் மாட்டுவண்டி.

பிள்ளையின் வயிறு பலகை போல இறுகியிருந்தது. பேச்சியம்மாள் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னேன்.

"மூணு ஆணி. நாந்தான் அவ கையில குடுத்தேன். குடுத்துட்டுத் தூங்கிட்டேன். ஒண்ணு இன்னும் உள்ள இருக்கு."

என்னைப் பார்த்தாள். திட்டவில்லை, அடிக்கவில்லை. "அப்ப நான் எண்ண ஊத்துறப்ப நீங்க பாத்துக்கிட்டு நின்னீங்க" என்றாள். கேள்வியாகக்கூடக் கேட்கவில்லை. பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தாள். நான் பின்னால் போனேன். நான் தூக்குகிறேன் என்று கை நீட்டினேன். தோளை மாற்றிக்கொண்டாள்.

எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். டிரஸ்ஸர் அதை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இத்தனூண்டு வெள்ளைக் கோடு.

"இதை ஏன் ஐசே முதலே சொல்லேல்லை?"



மார்ச் 18, வெள்ளி

வயிற்றை அறுத்து எடுத்தார்கள். குடலைக் குத்தியிருந்ததாம். உயிர் இருக்கிறது.

மார்ச் 19, சனி

ஜுரம் இறங்கவில்லை. என்னை வார்டுக்குள் விடவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் இல்லை, பேச்சியம்மாள்.

மார்ச் 20, ஞாயிறு

வராந்தாவிலேயே இருக்கிறேன். நேற்று என்ன சாப்பிட்டேன் என்று தெரியவில்லை. என்னை எடுத்துக்கொள், அவளை விட்டுவிடு என்று எல்லாச் சாமியிடமும் கேட்டாகிவிட்டது. மலாய்க்காரர் பள்ளிவாசலில் பாங்கு சொன்னபோது அதற்கும் கும்பிட்டேன்.

மார்ச் 23, புதன்

ஜுரம் விட்டது. கஞ்சித் தண்ணீர் குடித்தாளாம். நர்ஸ் மிஸ்ஸி சொன்னாள்.

டிரஸ்ஸர் வெளியே வந்து பீடி பற்றவைத்தார். "இன்னும் ஒரு நாள் பிந்தியிருந்தால்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். பிறகு எனக்கும் ஒரு பீடி நீட்டினார்.

ஏப்ரல் 9, சனி

பிள்ளை வீட்டில்தான் இருக்கிறாள். வயிற்றில் நீளத் தையல். என்னைக் கண்டால் சிரிக்கிறாள், அதைத்தான் தாங்க முடியவில்லை.

கடையில் மறுபடி சேர்த்துக்கொண்டார்கள். காளியப்பண்ணன் மிச்சப் படிகளைத் தானே முடித்து, எனக்கு அம்மை என்று சொல்லி வைத்திருந்திருக்கிறார். இப்போது ஆணியைச் சிகரெட் டப்பாவில் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்கிறேன். வேலை வேகம் பாதியாகக் குறைந்துவிட்டது. திட்டுகிறார், ஆனால் வாயில் போடச் சொல்வதில்லை.

மே 6, வெள்ளி

பேச்சியம்மாள் சோறு போடுகிறாள், துணி துவைத்துத் தருகிறாள். கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். ஆனால் பிள்ளையை என்னிடம் விடுவதில்லை. குழாயடி, கடை, கொல்லைப்புறம், எங்கே போனாலும் இடுப்பில் பிள்ளை. நாலு வயதுப் பிள்ளையைச் சுமந்து சுமந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறாள். நான் இருக்கிறேனே என்று எந்த முகத்தோடு சொல்வது?

ஜூன் 10, வெள்ளி

துணி மூட்டையை எடுத்துக்கொண்டு குழாயடிக்குக் கிளம்பினாள். பிள்ளையையும் எடுப்பாள் என்று நான் ஒதுங்கி வழிவிட்டேன். எடுக்கவில்லை. வாசற்படியில் ஒரு நிமிஷம் நின்றாள். என் முகத்தைப் பார்க்காமல், "தூங்கிடாதீங்க" என்றாள். இறங்கிப் போய்விட்டாள்.

அவள் திரும்பி வரும்வரை நான் உட்காரக்கூட இல்லை.