அம்மா சொல்லாத பேர்

3.11 திங்கள்
விடிந்ததிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. இன்சூரன்ஸ் ஏஜெண்ட் பயிற்சி இன்றோடு முடிந்தது. மாதிரித் தேர்வில் ஐம்பதுக்கு நாற்பத்து மூன்று. வகுப்பில் நான்தான் முதல்! அடுத்த வெள்ளி உண்மையான தேர்வு. பாஸானால் லைசென்ஸ்.

ஜவுளிக்கடை வேலையைப் போன வாரமே விட்டாயிற்று. ஒன்பது வருஷம் நின்ற கால். முதலாளி, "நல்லா யோசிச்சியாத்தா?" என்றார். பெரிய இவள் மாதிரி, யோசித்தேன் என்றேன்.

வாங்க: உளுந்து, கொசுவத்தி. பத்தாவது சான்றிதழ் தேடணும்.

5.11 புதன்
சான்றிதழ் கிடைத்தது. டிரங்குப் பெட்டியில், கல்யாணப் பட்டுக்கு அடியில். ஸ்கேன் செய்து அனுப்பினேன். என்னை இதில் சேர்த்துவிட்ட இன்சூரன்ஸ் டெவலப்மெண்ட் ஆபீசர், டி.ஓ. சார், மதியம் போன்.

"ஏம்மா, ஆதார்ல ராணி. சர்டிபிகேட்ல மங்களேஸ்வரி. யாரு இது?"

"ரெண்டும் நாந்தான் சார்."

"நீ சொன்னா ஆச்சா? கம்ப்யூட்டர் ஏத்துக்கிற மாட்டேங்குதே."

அய்யா பள்ளியில் சேர்க்கும்போது தன் அம்மா பேரைக் கொடுத்துவிட்டார். மாமியார் பேரை மருமகள் சொல்லக் கூடாது. அதனால் அம்மாவுக்கு நான் ராணி. ரேஷன் கார்டுக்கும் அம்மா அதையே சொல்லியிருக்கிறாள். கார்டைப் பார்த்து ஆதார், ஆதாரைப் பார்த்து பேங்க், பான். இத்தனை வருஷம் சான்றிதழை யாரும் கேட்கவில்லை.

உத்தரகோசமங்கை அம்மன் பேரும் மங்களேஸ்வரிதான். அங்கேயும் அம்மா "தாயி, தாயி" என்றுதான் கும்பிடுவாள். அம்மாவைக் குறை சொல்ல எனக்கென்ன யோக்கியதை. வீட்டுக்காரரை இந்த நோட்டில்கூட 'இவர்' என்றுதான் எழுதுகிறேன்.

அழுகையாக வந்தது. உளுந்து மறந்துபோச்சு.

7.11 வெள்ளி
டி.ஓ. சார் சொன்ன வழி: இரண்டு பேரும் ஒரே ஆளுடையதுதான் என்று நோட்டரி வக்கீலிடம் பத்திரம். பெற்றவர் நேரில் வந்து சொல்லணும். அய்யா இல்லை. அம்மாதான்.

போனில் அம்மா: "எழுதி வைக்கச் சொல்லு, கைநாட்டு வைக்கிறேன். வாயால சொல்ல மாட்டேன்த்தா."

"அப்பத்தா செத்துப் பதினெட்டு வருசமாச்சும்மா."

"செத்துட்டா மாமியா இல்லன்னு ஆயிருமா?"

எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்வது என்று பயிற்சியில் பக்கம் பக்கமாகக் கொடுத்தார்கள். இதற்கு ஒரு வரி இல்லை. இவர், "அம்மனுக்கு நேந்துக்கச் சொல்லு உங்கம்மாவ" என்கிறார். எந்தப் பேரைச் சொல்லி நேர்வாள்?

10.11 திங்கள்
ஒருவழியாக வெயில். அம்மா முதல் பஸ்ஸில் ராமநாதபுரம் வந்துவிட்டாள். நான் மறுபடி கேட்கவேயில்லை, தானாக. பண்டிகைச் சேலை.

வக்கீல்: "மக பேரச் சொல்லுங்கம்மா."

"ராணி."

"இன்னொரு பேரு?"

அம்மா சுவரைப் பார்த்தாள். கையைப் பிடித்தேன். பின்னால் நாலு பேர் காத்திருந்தார்கள். பரீட்சையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"மங்களேஸ்வரி."

காதில் விழவில்லை என்று வக்கீல் இன்னொரு தடவை சொல்ல வைத்தார், சண்டாளர்.

பஸ் ஏறும்போது, "இனி எழுதிருவேல்ல?" என்றாள். எழுதிருவேன்மா என்றேன்.

12.11 புதன்
பத்திரம் செல்லாதாம். அரசிதழில் பேர் வரணுமாம். மாசக்கணக்காகும். டி.ஓ. சார்: "நான் என்னம்மா பண்ணட்டும்? மேல ஒத்துக்கிற மாட்டேங்குறாக." நிஜமாகவே வருத்தப்பட்டார். அதனால் திட்டவும் முடியவில்லை.

ஜவுளிக்கடையில் என் இடத்துக்கு ஆள் எடுத்துவிட்டார்களாம்.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது? வீணாகச் சொல்ல வைத்துவிட்டேன்.

14.11 வெள்ளி
தூறல். தேர்வு பத்து மணிக்கு. பத்து மணிக்கு மாவு அரைத்தேன். இவர் தேங்காய் துருவிக் கொடுத்தார்.

மதியம் அம்மா போன்.

"பரீட்ச எழுதிட்டியா, மங்களேஸ்வரி?"

பிறந்ததிலிருந்து ஒருநாளும் என்னை அந்தப் பேரில் கூப்பிட்டதில்லை.

எழுதிட்டேன்மா என்றேன்.