நீ போடாத வட்டம்

இன்று மதியம் பெய்த மழையில் உடை மாற்றும் அறை முழுக்கக் கொத்தமல்லி வாசனை. புதிதாக வந்திருக்கும் கோல்கீப்பர் மூக்கைச் சுளித்துக்கொண்டு, "கோச், யாரு இங்க கறி சமைக்கிறது?" என்று கேட்டான். நான் மூலையைக் காட்டினேன். அங்கே உன் தராசு நிற்கிறது. லிட்டில் இந்தியாவில் ஒரு மளிகைக் கடையில் பல வருஷம் மல்லி மூட்டையும் மிளகாய் மூட்டையும் சுமந்த மரப்பலகை அது. ஈரக்காற்று பட்டால் இன்னமும் கடை வாசனையைத்தான் விடுகிறது.

நீ போய் எட்டு மாதம் ஆகிறது. உன்னைத் தூக்கிக்கொண்டு போன அன்றிலிருந்தே உனக்கு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருக்கிறேன். எழுதுவதென்றால் எனக்கு எவ்வளவு சோம்பல் என்று உனக்குத் தெரியும். பயிற்சித் திட்டத்தைக்கூட உன் தலையில்தான் கட்டுவேன். ஆனால் ஒரு விஷயத்தை உன்னிடம் சொல்லாமல் மறைத்துவிட்டேன். அதைச் சொல்லாமல் இனி முடியாது.

அந்தத் தராசை நீ வாங்கிய நாளில் நானும் கூட வந்திருந்தேன். கடைக்காரர் மின்தராசு வாங்கிவிட்டுப் பழையதை வாசலில் தள்ளி வைத்திருந்தார். நீ கேட்டதும், "காற்பந்துக் குழுவுக்கு இது எதுக்குத் தம்பி?" என்றார். "இருபத்தஞ்சு மூட்டை இருக்குண்ணே. ஒவ்வொன்னும் எவ்வளோ வேர்த்து இளைக்குதுன்னு பாக்கணும்" என்றாய். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே வேனில் ஏற்றிவிட்டார். வீட்டில் வைக்கும் சின்னத் தராசு ஈரக்காலோடு ஏறினால் பொய் சொல்லும் என்பது உன் கட்சி. நான் அதைக் கிறுக்குத்தனம் என்றுதான் நினைத்தேன். நினைத்தது மட்டுமா, வழியெல்லாம் சொல்லிக்கொண்டும் வந்தேன்.

நாம் இருவரும் ஒரே வருஷம் மாநிலக் குழுவுக்குள் வந்தவர்கள். நான் நடுத்திடல், நீ வலதுபக்கத் தற்காப்பு. அந்தக் காலத்தில் பயிற்சி என்றால் வாந்தி எடுக்கும்வரை ஓடுவது. நடுவில் தண்ணீர் கேட்டால் திட்டு விழும். நான் அதை நம்பினேன். நீ அப்போதே முணுமுணுப்பாய். பிறகு நான் தலைமைப் பயிற்றுநர் ஆனபோது, உடற்பயிற்சிக்கு யார் வேண்டும் என்று நிர்வாகம் கேட்டது. வேறு பெயர் என் வாயில் வரவில்லை.

அப்போது நம் குழுவுக்கு ஒரு வியாதி இருந்தது. எழுபது நிமிடம் வரைக்கும் முன்னணியில் இருப்போம். கடைசி இருபது நிமிடத்தில் கோல் வாங்கித் தோற்போம். பையன்களுக்குத் தெம்பு போதவில்லை, இன்னும் ஓடவிட வேண்டும் என்றேன் நான். நீ இரண்டு மணி நேரப் பயிற்சியை எழுபத்தைந்து நிமிடமாக வெட்டினாய். பந்தில்லாமல் யாரும் ஓடக்கூடாது என்றாய். சின்னக் கட்டத்துக்குள் நாலு பேருக்கு நாலு பேர், நாலு நிமிடம் உயிரைக் கொடுத்து ஆட வேண்டும். பிறகு உட்கார வேண்டும். எவனாவது உட்காராமல் பந்தைத் தட்டிக்கொண்டிருந்தால் உனக்குக் கோபம் வரும். "பயிற்சிலயே பெட்ரோல் தீந்துட்டா, மேட்சுக்குக் காடிய தள்ளிக்கிட்டா போறது?" என்பாய்.

பயிற்சிக்கு முன்னால் ஒரு எடை, பின்னால் ஒரு எடை, மறுநாள் காலையில் ஒரு எடை. சுவரில் சாக்குக்கட்டியால் எழுதுவாய். மறுநாளும் எடை திரும்பாதவன் பெயரைச் சுற்றி ஒரு வட்டம். வட்டம் விழுந்தவனுக்கு அன்று கடும் பயிற்சி கிடையாது. கொஞ்சம் பந்து தட்டிவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்க வேண்டும். இரண்டு மாதத்தில் எல்லாம் தலைகீழானது. கடைசி இருபது நிமிடத்தில் எதிர்க்குழுக்காரர்கள் முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நிற்க, நம்மவர்கள் அப்போதுதான் திடலுக்கு வந்தவர்கள் மாதிரி ஓடினார்கள். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். உன்னைப் பாராட்டினேனா என்று யோசிக்கிறேன். ஞாபகம் இல்லை. அப்படியென்றால் பாராட்டியிருக்க மாட்டேன்.

வட்டத்தால் ஒரே ஒரு தொல்லைதான் வந்தது. வயசான ஆட்டக்காரர்கள் அதைக் கண்டு நடுங்கினார்கள். "வட்டம் விழுந்தா கதை முடிஞ்சிருச்சுன்னு அர்த்தம் லா" என்று கேலி பேச ஆரம்பித்துவிட்டார்கள். கேப்டன் முரளிக்கு அப்போது முப்பத்து மூன்று. ஒப்பந்தம் அந்த வருஷத்தோடு முடிகிறது. அவன் சுவர்ப் பக்கம் பார்க்கும்போதெல்லாம் முகம் சுருங்கும்.

அந்த வருஷம்தான் நான் புத்தி கெட்டுப்போனது. வரிசையாக மூன்று தோல்வி. இன்னும் நாலு ஆட்டம் பாக்கி; அவற்றிலும் சறுக்கினால் குழு கீழ்ப்பிரிவுக்கு இறங்கிவிடும். "குழு இறங்கினா நீங்களும் இறங்க வேண்டியதுதான்" என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. காலையும் மாலையும் பயிற்சி என்று அறிவித்தேன். தோற்ற ரெண்டாம் நாளே எல்லோரையும் கொடிமலை ஜீப் பாதையில் மேலே ஓடவிட்டேன்.

மலையடிவாரத்தில், ஆட்டக்காரர்கள் காதில் விழாத தூரத்துக்கு என்னை இழுத்துக்கொண்டு போனாய். "டே ஜோசப், நீ பயிற்சி குடுக்கல. தோத்துட்டாங்கன்னு அவங்கள அடிக்கிற" என்றாய்.

"நீ ஒன் ஊரு நிபோங் திபால்ல போயி ஒக்காந்து தராசப் புடிச்சிக்கிட்டு இரு. மேல பதில் சொல்றவன் நான்" என்றேன். சொன்ன வேகத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனாலும் மன்னிப்புக் கேட்கவில்லை. நீ திரும்பி நடந்தாய். மறுநாள் காலை வழக்கமான நேரத்துக்குச் சாக்குக்கட்டியோடு வந்து நின்றாய்.

அந்த வாரம் முரளியின் பெயரைச் சுற்றி இரண்டு முறை வட்டம். கேப்டனை உட்கார வைத்துவிட்டு எப்படி ஜெயிப்பது? இங்கேதான் நான் மறைத்தது வருகிறது. என் தூண்டில் பெட்டியில் இருந்த ஈயக்குண்டுகளில் பெரிதாக நாலைந்தை எடுத்துப் பொட்டலமாகக் கட்டி, சாமான் அறைக்குப் பின்னால் வைத்து முரளியிடம் கொடுத்தேன். காலுறைக்குள் போட்டுக்கொண்டு தராசில் ஏறச் சொன்னேன்.

"அண்ணனுக்குத் தெரிஞ்சிட்டா கோச்?"

"தெரியாது. போயி ஏறு."

அவனுக்கும் வட்டம் வேண்டாம். ஏறினான். நீ முள்ளைப் பார்த்தாய், அவன் முகத்தைப் பார்த்தாய், எண்ணைச் சுவரில் எழுதினாய். வட்டம் இல்லை. உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குச் சந்தோஷம்கூட வந்தது. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

அன்றிலிருந்து கட்ட ஆட்டத்தில் முரளியை நடுவராக நிற்க வைத்து விசிலை அவன் கையில் கொடுத்தாய். மலை ஓட்டத்தில், கடைசியாக வரும் பையன்களைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அவனைப் பின்னால் நடந்து வரச் செய்தாய். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "கேப்டன நடுவரா நிக்க வச்சா அவன் எப்படி மேட்சுக்குத் தயாராவான்?" என்று கத்தினேன். "அவன் விசில் ஊதினாத்தான் மத்தவனுங்க வாய மூடிக்கிட்டு ஓடுறானுங்க லா" என்றாய். கேட்க நியாயமாக இருந்தது. விட்டுவிட்டேன்.

கடைசி ஆட்டம் உனக்கும் மறந்திருக்காது. சமன் செய்தால் போதும், தப்பிவிடலாம். ஒன்றுக்கு ஒன்று. எண்பத்தாறாவது நிமிடம் நம் கார்னர் வீணாகி, பந்து எதிரியின் காலுக்குப் போய்விட்டது. நம் பக்கம் கோல்கீப்பரைத் தவிர ஆள் இல்லை. எங்கிருந்தோ முரளி ஓடி வந்தான். தன்னைவிடப் பத்து வயது சின்னவனைத் துரத்திப் பிடித்து, கோட்டுக்கு முன்னால் விழுந்து பந்தை வெளியே தள்ளினான். மற்றவர்கள் இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம் அது. நீ பக்கத்தில் துண்டுகளை மடித்துக்கொண்டிருந்தாய். நான் உன்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தேன்.

நிருபர் வந்து கேட்டபோது, "கடும் பயிற்சியின் பலன். சும்மாவா மலை ஏறினோம்?" என்றேன். மறுநாள் அதையே கொட்டை எழுத்தில் போட்டுவிட்டார்கள். கோப்பிக்கடையில் நீ அந்தப் பத்திரிகையை விரித்துப் படித்தாய். "போட்டோ நல்லா எடுத்திருக்கான்" என்று மட்டும் சொன்னாய்.

அதற்குப் பிறகு இரண்டு வருஷம் ஒன்றாகவே வேலை செய்தோம். விடுமுறை நாளில் மீன் பிடிக்கப் போனோம். அந்தப் பேச்சை நீ எடுக்கவே இல்லை. பிறகு ஒரு காலையில் நெஞ்சுவலி என்று சொல்லி உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. ஊரார் உடம்பையெல்லாம் கணக்கெடுத்தவன் உன்னுடையதைப் பார்க்காமல் விட்டுவிட்டாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

எல்லாம் முடிந்து நிபோங் திபாலில் உன் வீட்டு வாசல் கூடாரத்தில் உட்கார்ந்திருந்தேன். முரளி வந்து பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டான். "கோச், ஒன்னு சொல்லணும். அந்த ஈயம். அண்ணனுக்கு மொத நாளே தெரியும்."

நான் நாற்காலியை அவன் பக்கம் திருப்பினேன்.

"பலகைல கால வச்சதும் டொக்குன்னு சத்தம் கேட்டுச்சு. எல்லாரும் போனதும் என்னைக் கூப்ட்டு எடுக்கச் சொன்னாரு. கையில வச்சுப் பாத்துட்டு, 'இது நான் ஜோசப்புக்கு வாங்கிக் குடுத்தது லா'ன்னு சிரிச்சாரு."

"கோபப்படலியா?"

"இல்ல கோச். 'அவன் பயந்து போயிருக்கான். இப்ப சண்ட போட்டா காதுல ஏறாது. நீ தெனமும் இதப் போட்டுக்கிட்டே ஏறு, நான் வட்டம் போட மாட்டேன். ஆனா விசில் நீ ஊது, மலைல நட. ஒன் காலு எனக்குக் கடைசி மேட்சுக்கு வேணும்'னாரு. ஒங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

எண்பத்தாறாவது நிமிட ஓட்டம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. அத்தனை நாளும் என் கண் முன்னாலேயே அந்தக் காலை நீ காப்பாற்றி வைத்திருக்கிறாய். நிர்வாகத்திடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் வேலையை நீ எடுத்துக்கொண்டிருக்கலாம். எல்லோர் முன்னாலும் அவன் காலுறையை உதறிக் காட்டி என் மானத்தை வாங்கியிருக்கலாம். அவன் ஒப்பந்தம், குழுவின் இடம், என் முகம் மூன்றையும் காப்பாற்றிவிட்டுத் துண்டு மடித்துக்கொண்டிருந்திருக்கிறாய். நான் பார்த்த பயிற்றுநர்களில் உன்னைப் போல் ஒருவன் இல்லை. இதை நீ இருக்கும்போது சொல்லாமல் போனேன்.

இந்த வருஷமும் மூன்று ஆட்டம் தோற்றுவிட்டோம். காலையில் நிர்வாகத்திலிருந்து ஒருவர் கூப்பிட்டு, "அன்னிக்கு மாதிரி மலைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்றார். மழை விட்டதும் எல்லோரையும் உட்கார வைத்து, பாதி மலாயிலும் பாதி ஆங்கிலத்திலுமாக ஈயக்குண்டுக் கதையை ஒன்று விடாமல் சொன்னேன். முதலில் சிரித்தார்கள், பிறகு அடங்கினார்கள். முரளி இப்போது என் துணைப் பயிற்றுநர். அவன் குனிந்து பந்துக்குக் காற்று பிடித்துக்கொண்டிருந்தான்.

"மலைக்குப் போகப்போறதில்ல. நாளைக்கு லீவு" என்றேன். "எனக்குப் பயமா இருக்கு. அது என்னோட பயம், நீங்க சுமக்க வேணாம்."

இருபத்தைந்து பேர் முன்னால் அதைச் சொல்ல முடிந்தது. அன்று மலையடிவாரத்தில் உன் ஒருத்தனிடம் சொல்லத்தான் எனக்கு வாய் வரவில்லையடா.