நீ பார்த்துக்கொண்டிருந்த பேனா

என் ஆசைத் தங்கச்சி சங்கரிக்கு,

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. இந்த ஏழு மாதத்தில் உன்னை நினைத்து எத்தனையோ தடவை அழுதிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் முதல் முறையாக உன்மேல் கோபம் வந்தது. அதை யாரிடம் போய்க் காட்டுவேன்? அப்பாவிடம் உன்னைக் குறை சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவார். அம்மாவிடம் உன் பேரை எடுக்கவே பயமாக இருக்கிறது. அதனால் உனக்கே எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படிக்கட்டும். வெட்கப்பட வேண்டியவள் நீயா நானா என்று அவர்களே சொல்லட்டும்.

உன் வீட்டுக்காரர் அன்றைக்கு மத்தியானம் சாப்பிட வந்திருந்தார். மனிதர் இளைத்துவிட்டார். நான் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தபோது உன் ஞாபகம் வந்ததோ என்னவோ, தானாகச் சிரித்தார். "மதினி, அந்தப் பேனா சமாச்சாரம் ஒங்களுக்குத் தெரியுமா? கடைக்குள்ள போனதுமே அவளுக்குப் பட்டை நிப்பு மேலதான் கண்ணாம். அவ எதப் பாக்காளோ அதத்தான் நீங்க எடுப்பியளாம். அதனால நைஸ் நிப்பப் பாத்துக்கிட்டே நின்னாளாம். நீங்களும் டக்குனு அத எடுத்துட்டியளாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பா."

அவர் ரசம் போதும் என்கிறார், நான் ஊற்றிக்கொண்டே இருக்கிறேன். என் வாழ்க்கையில் உன்னிடமிருந்து நான் உருப்படியாகத் தட்டிப் பறித்த பொருள் அது ஒன்றுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், சங்கரி. அதுவும் நீயாகக் கொடுத்ததா? இது மட்டும் எனக்குத் தெரிந்தாக வேண்டும். அன்றைக்கு நான் உன்னிடமிருந்து திருடினேனா, இல்லை நீ என்னை ஏமாற்றினாயா?

நான் பொறாமைக்காரி. அதை மறைக்க மாட்டேன். உனக்குப் பதினான்கு மாதம் மூத்தவள், மூத்தவள் என்று அந்தப் பதினான்கு மாதத்தைத்தான் பதக்கம்போல நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தேன். இரண்டாம் வகுப்பு முடிந்ததும் உனக்கு டபுள் புரமோஷன் கொடுத்து, நேரே நாலாம் வகுப்பில், என் பெஞ்சிலேயே கொண்டுவந்து உட்காரவைத்தார்கள். அன்றைக்கு அம்மா பாயசம் வைத்தாள். வயிற்றுவலி என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டேன். லக்ஷ்மிபாய் நகர் குவார்ட்டர்ஸ் முழுக்கப் பாயசம் போனது. எனக்கு எடுத்துவைத்ததையும் நீயே குடித்தாய்.

அதற்குப் பிறகு எனக்கு ஒரு வியாதி பிடித்தது. எனக்கு என்ன வேண்டும் என்று எனக்கே தெரியாது. நீ எதைப் பார்க்கிறாய் என்று பார்ப்பேன். அது வேண்டும் என்று உடனே தோன்றிவிடும். சரோஜினி நகர் மார்க்கெட்டில் வளையல், பஸ்ஸில் ஜன்னல் ஓர சீட்டு, தீபாவளிக்கு எடுத்த இரண்டு பாவாடைத் துணியில் ஒன்று, எல்லாம் அப்படித்தான். அக்கா என்கிற உரிமையில் முதலில் கை நீட்டுவேன். நீ வாயைத் திறக்க மாட்டாய். வீட்டுக்கு வந்து பார்த்தால் உன்னிடம் இருப்பதுதான் அழகாக இருக்கும்.

பேனா வந்தது ஆறாம் வகுப்பில். அதுவரை பென்சில்தான். இனிமேல் எல்லாரும் மைப் பேனாவில் எழுத வேண்டும், மெல்லிசாக எழுதும் நைஸ் நிப்பாக வாங்கச் சொல்லுங்கள் என்று தமிழ் டீச்சர் சொல்லி அனுப்பினார். அப்பாவுக்கு லக்ஷ்மிபாய் நகரில் எந்தக் கடைமேலும் நம்பிக்கை கிடையாது. கல்யாணத்துக்கு முன்னால் கோல் மார்க்கெட் பக்கம் குடியிருந்தவர் அல்லவா, நல்ல சாமான் எதுவானாலும் அங்கேதான் என்பார். நம் இரண்டு பேரையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனார்.

அப்பாவின் ஹிந்தி உனக்குத் தெரியாததா? மெல்லிசுக்கு 'பாரீக்' என்று சொல்ல வேண்டும் என்பதை மாவு மில்லில் கேட்டு வைத்திருந்தார். ஆனால் அந்தத் திருநெல்வேலிக் காதில் அது 'பாரீக்கு' என்றுதான் விழுந்திருக்கிறது. ஊருக்கு, பேருக்கு என்பதுபோல இதிலும் கடைசியில் ஒரு 'க்கு' ஒட்டியிருக்கிறது, சொல் என்னவோ 'பாரி'தான் என்று அவராகவே இலக்கணம் போட்டுக்கொண்டார். கடைக்காரரிடம் போய்க் கம்பீரமாக, "பையா, தோ பென். பாரி நிப். பஹுத் பாரி" என்றார்.

ஹிந்தியில் பாரி என்றால் கனம், அந்த மனிதர் அப்படியே எடுத்துக்கொண்டார். இருப்பதிலேயே தடியான கறுப்புப் பேனாவை எடுத்துக் கண்ணாடி மேஜைமேல் வைத்தார். நிப்பு கோழி அலகு மாதிரி பட்டையாக இருந்தது. அப்பா அதைக் கையில் தூக்கிப் பார்த்து "அச்சா, அச்சா" என்று தலையாட்டினார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, பாவாடையால் வாயை மூடிக்கொண்டேன். நீ சிரிக்கவில்லை. அப்பாவுக்குத் தலைகுனிவு வரக் கூடாது என்று மெதுவாக முன்னால் போய், "அங்கிள், ஏக் பாரீக் பீ திகாயியே" என்று மெல்லிசிலும் ஒன்று காட்டச் சொன்னாய். உடனே அரக்கு நிறத்தில் ஒல்லியாக ஒரு பேனா வந்து கறுப்புப் பேனாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. நிப்பு ஊசி மாதிரி.

"மூத்தவ மொதல்ல எடுக்கட்டும். ஏட்டி கோமதி, ஒனக்கு எது?" என்றார் அப்பா.

நான் பேனாக்களைப் பார்க்கவில்லை. உன்னைப் பார்த்தேன். நீ கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்த அரக்குப் பேனாவையே பார்த்துக்கொண்டு நின்றாய். கண் கொட்டவில்லை.

"எனக்கு இதுதான்" என்று அதைத்தான் எடுத்தேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் நீ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாய். அழுகிறாய் என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இப்போது உன் வீட்டுக்காரர் சொன்ன பிறகு யோசிக்கிறேன். சிரித்துக்கொண்டு வந்தாயா?

எனக்கு முரட்டுக் கை. அழுத்தி எழுதித்தான் பழக்கம். அந்த ஊசி நிப்பு நோட்டைக் கீறியது. 'ழ'வுக்குச் சுழி போடும்போது தாளைக் குத்திக்கொண்டு நிற்கும். இழுத்தால் பொட்டுப் பொட்டாக மை தெறிக்கும். "கோமதி, எழுதுறியா, உழுறியா?" என்று டீச்சர் கேட்க, வகுப்பே சிரித்தது. சரஸ்வதி பூஜைக்குப் பேனாவை வைக்கும்போது அதன் மூக்கு இரண்டாக விரிந்து போயிருந்தது.

உன் எழுத்து முத்து முத்தாக ஆனது. எட்டாம் வகுப்பில் ஆண்டு விழாச் சான்றிதழ்களில் பெயர் எழுத உன்னைத்தான் கூப்பிட்டார்கள். அந்த வருஷம் பேச்சுப் போட்டியில் எனக்கு இரண்டாம் பரிசு. ஒரு வருஷத்திலாவது நீ கலந்துகொள்ளாத போட்டி கிடைத்ததே என்று மேடையேறி வாங்கிப் பிரித்துப் பார்க்கிறேன், 'செல்வி கோமதி' என்று உன் கையெழுத்து. அழகாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சான்றிதழைப் பார்த்துவிட்டு எழுத்தைப் பாராட்டினார்கள். என் பேச்சைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

உனக்குக் காமாலை முற்றி நீ போன பிறகும் அதே கதைதான். துக்கம் கேட்க வந்தவர்கள் நீ எழுதின கடிதங்களைக் கையோடு கொண்டுவந்து காட்டினார்கள். எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தேன். எனக்கு எழுதினதைவிட மற்றவர்களுக்கு நீ நீளமாக எழுதியிருக்கிறாய் என்று எண்ணிக்கொண்டேன். செத்துப்போன தங்கச்சிமேல் அந்த நேரத்திலும் பொறாமைப்பட்டவளை என்ன சொல்வாய்?

திங்கட்கிழமை ஆபீஸில் ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு இதையே யோசித்தேன். அப்போதுதான் இன்னொன்று ஞாபகம் வந்தது. பேனா வாங்கின இரண்டாம் வாரம். உன் பட்டை நிப்பு மையைக் கக்கிக்கொண்டே இருந்தது. பாவாடையெல்லாம் மை, அம்மாவிடம் அடி. நீ என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அக்கா, மாத்திக்கிடுவமா?" என்று கேட்டாய். உன் முகத்தைக்கூடப் பார்க்காமல், மாட்டேன் என்றேன். என் நோட்டு அப்போதே கிழிய ஆரம்பித்திருந்தது. நீ கேட்டுவிட்டாய் என்பதற்காகவே மாட்டேன் என்றேன். அதற்குப் பிறகு சாயங்காலம்தோறும் அப்பா கொண்டுவரும் பழைய ஆபீஸ் தாள்களின் பின்பக்கத்தில் நீ எழுதி எழுதிப் பழகினாய். இரண்டு மாதம் இருக்கும். ஆசைப்பட்டு எடுத்த பேனாவோடு யாராவது இப்படி மல்லுக்கட்டுவார்களா?

அப்படியென்றால் நீ நைஸ் நிப்புக்குத்தான் உண்மையாகவே ஆசைப்பட்டிருக்கிறாய். நான்தான் பறித்துக்கொண்டேன். அக்காவைத் திருடி என்று புருஷனிடம் சொல்ல மனம் வராமல், நீ ஏமாற்றின மாதிரி கதையை மாற்றிச் சொல்லியிருக்கிறாய். இல்லை, நான் மாட்டேன் என்பேன் என்று தெரிந்துதான் வந்து கேட்டாயா? சவமே, எதுவானாலும் வாயைத் திறந்து ஒரு வார்த்தை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? ஆஸ்பத்திரியில் எத்தனை நாள் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமைதான் இப்போது லீவு ஆயிற்றே, கோல் மார்க்கெட்டுக்குப் போனேன். வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து ஆபீஸில் கொடுக்கும் பால் பென்தான் எனக்கு. அந்தக் கடை இருக்கிறது. அந்த மனிதர் இல்லை, வேறு யாரோ. பேனா வேண்டும் என்றேன். "பாரீக் யா மோட்டா?" என்று கேட்டார், மெல்லிசா தடியா என்று. நான் பழக்கதோஷத்தில் இடது பக்கம் திரும்பினேன்.

நீ எதைப் பார்க்கிறாய் என்று பார்க்கத்தான்.

பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. கடைக்காரர் இரண்டு பேனாவை எடுத்து வைத்துவிட்டு நிற்கிறார். எனக்கு எது வேண்டும் என்று தெரியவில்லை. "க்யா சோச் ரஹீ ஹைன், பஹன்ஜி?" என்று, என்ன யோசனை என்று அவர் கேட்டதும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இருபத்தாறு வயசுக்காரி, ஒரு பேனா எடுக்கத் தெரியாமல் கடையில் நின்று அழுதேன். அவர் பயந்துபோய் ஒரு துண்டுத் தாளைத் தள்ளி, எழுதிப் பாருங்கள் என்றார்.

நைஸ் நிப்பு பழையபடியே கீறியது. பட்டை நிப்பை எடுத்து என் வழக்கப்படி அழுத்தினேன். கீறவில்லை, குத்தவில்லை. என் முரட்டுக் கை அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை. 'ழ' எழுதினேன், ஒரே இழுப்பில் சுழித்துக்கொண்டு வந்தது. அப்பா தப்பும் தவறுமாகக் கேட்டு வாங்கின அந்தத் தடிப் பேனா எனக்குத்தான் சரி. அன்றைக்கு உன்னைப் பார்க்காமல் மேஜையைப் பார்த்திருந்தால் நானே எடுத்திருப்பேன். பட்டை நிப்பையே வாங்கிக்கொண்டேன். இந்தக் கடிதம் அதில் எழுதியதுதான்.

இன்று காலையில் முதல் பக்கத்தை மை காயட்டும் என்று மேஜையில் விரித்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அம்மா அந்தத் தாளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கண்ணாடி போடவில்லை, அதனால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாது. பட்டை நிப்பின் தடித்த எழுத்து மட்டும் தெரிந்திருக்கிறது. "ஏட்டி, இது சங்கரி எழுத்துல்லா? எங்கிருந்துட்டி கெடச்சுது?" என்றாள்.

வேறு எந்த நாளாக இருந்தாலும் பற்றி எரிந்திருப்பேன். "இல்லம்மா, நான் எழுதுனது" என்று சொல்ல வாயெடுத்தேன். என் எழுத்தையும் உன் எழுத்துபோல என்று ஒருவர் சொல்லத்தானே பதினைந்து வருஷமாகக் காத்துக்கொண்டிருந்தேன்? அம்மா தாளை மோந்து பார்த்தாள், பிறகு உட்கார்ந்து மடியில் வைத்துத் தடவிக்கொடுத்தாள். நான், "ஆமாம்மா, அவ எழுத்துதான்" என்று சொல்லிவிட்டேன்.

அதனால் இந்தக் கடிதத்தின் முதல் பக்கம் இப்போது அம்மாவின் டிரங்குப் பெட்டியில், உன் பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது. என்றைக்காவது கண்ணாடி போட்டுப் படித்தால் படிக்கட்டும். அதைத் திரும்ப எழுதித்தான் இதோடு சேர்த்திருக்கிறேன். நானாகக் கொடுத்தேன், சங்கரி. நீ கேட்கவில்லை, நீ பார்த்துக்கொண்டு நிற்கவும் இல்லை. முழு மனசோடு கொடுத்தேன் என்று சொல்ல மாட்டேன். கொடுத்துவிட்டுச் சமையலறையில் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். ஆனால் கொடுத்தேன்.

திருடினேனா ஏமாந்தேனா என்று இனி உன்னைக் கேட்கப் போவதில்லை. இது ஒன்று மட்டும் சத்தியம். நான் அங்கே வருகிற அன்றைக்கு நீ எதைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் கையை நீட்ட மாட்டேன். முதலில் நீ எடுத்துக்கொள். நீ எடுக்கும்வரை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறேன்.

எத்தனை வருஷம் போனாலும் பதினான்கு மாதம் மூத்தவளாகவே இருக்க ஆசைப்பட்ட,
உன் அக்கா
கோமதி