கேட்காதவனுக்குத் தண்ணீர் இல்லை

ஊர்காவற்றுறை,
12.08.2025

அன்புள்ள மகள் அனோஜினிக்கு,

எழுத்துக் கோணலாக இருக்கிறது, கோபிக்காதே பிள்ளை. கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன், ஆனாலும் சோளகக் காற்றில் அகப்பட்ட படகு மாதிரி ஒவ்வொரு வரியும் போகப் போகக் கீழே சாய்கிறது. கிழிந்த வலை பொத்திப் பழகிய கைக்குப் பேனை மிகவும் மெல்லியது, இறுக்கிப் பிடித்தால் தாள் கிழிகிறது, தளர்த்திப் பிடித்தால் எழுத்து ஓடிவிடுகிறது. இந்த நாலு வரிக்கே ஒரு தேத்தண்ணி ஆறிவிட்டது. மாதாவின் காவலில் நானும் அம்மாவும் சுகம். அதே காவல் அந்தக் கடல்களைத் தாண்டி பலெர்மோவில் உன் மேலும் உபுல் மேலும் இருக்கட்டும். ஓம், அவருடைய பெயரை நான்தான் எழுதினேன், அம்மா சொல்லி எழுதவில்லை. ஏன் என்று கீழே வரும், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைத் திருப்பாதே, நான் எழுதிய ஒழுங்கில்தான் நீ வாசிக்கவேண்டும்.

அம்மாவுக்குக் கண்ணில் புரை வெட்டிய பிறகு பார்வை நன்றாகத் தெளிந்துவிட்டது, அதனால் எனக்குத்தான் கரைச்சல், குசினி மூலையில் இருக்கிற தூசி முதல் நான் கழுவாமல் வைக்கிற கோப்பை வரை எல்லாம் தெரிகிறது. நண்டு இந்த முறை பரவாயில்லை, ஆனால் நான் இப்போது கடலுக்குப் போவது குறைவு, கரையில் இருந்து வலை பொத்துகிறேன். பின்னேரம் மூன்று மணிக்குக் கோயில் மண்டபத்துக்குப் போய்விடுவேன். பாலர் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்ற அன்ரனிட்டா ரீச்சர் அங்கே எங்களைப் போல பதினொரு கிழடுகளை வாங்கில் இருத்தி எழுத்துச் சொல்லித் தருகிறா. எழுபத்து நாலு வயதில் எனக்கு வந்திருக்கிற சந்தோசத்தை உனக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. யாழ்ப்பாணம் போகிற பஸ்ஸின் பலகையை நானே வாசித்து ஏறுகிறேன். மருந்துப் பெட்டியை வாசிக்கிறேன், பழைய பேப்பரில் கடலை சுற்றித் தந்தால் கடலையைத் தின்றுவிட்டுப் பேப்பரை வாசிக்கிறேன். அம்மா சொல்கிறா, வீட்டுக்குள் ஒரு சின்னப் பிள்ளை வந்துவிட்டது என்று.

ஆனால் வாசிக்கத் தெரிந்தால் விரும்பாததையும் வாசிக்கவேண்டி வரும். போன மாசி மாதம் உன் அண்ணா றொமேஷின் கல்லறைக்கு மெழுகுதிரி கொளுத்தப் போன இடத்தில் முதல் முறையாகக் கல்லை வாசித்தேன். பெயர் சரி, நாள் சரி. கீழே, கடல் விபத்தில் காலமானார் என்று வெட்டியிருந்தது. விபத்தாம். அந்தக் காலை வலை இழுத்துக்கொண்டிருந்த பிள்ளையைச் சுட்டார்கள், பக்கத்துப் படகில் நான் இருந்தேன், யார் சுட்டது என்று இன்றுவரை ஒருவரும் வந்து சொல்லவில்லை. பதினெட்டு வருடமாக அந்தப் பொய்க்கு முன்னால் மெழுகுதிரி கொளுத்தியிருக்கிறேன், வாசிக்கத் தெரிந்த எல்லாருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. அம்மாவைக் கேட்டேன். உண்மையை வெட்டினால் வீதிச் சோதனையில் உன்னை இறக்கி விசாரிப்பார்கள் என்று பயந்து தான்தான் அப்படி வெட்டுவித்ததாகச் சொன்னா. மிச்சமிருந்த ஒரு பிள்ளையைக் காப்பாற்றச் செய்த வேலை, அதில் நான் அம்மாவோடு கோபிக்கவில்லை. ஆனால் அடுத்த நாளே உளியையும் சுத்தியலையும் கொண்டுபோய் அந்த வரியை நானே கொத்தி எடுத்துவிட்டேன். இப்போது அந்த இடம் வெறுமையாக இருக்கிறது. பொய் இருப்பதைவிட வெறுமை பரவாயில்லை.

இனிப் படத்தின் கதைக்கு வருகிறேன், நீ அதற்குத்தான் காத்திருப்பாய் என்று தெரியும். அப்பா படத்தில் நடிக்கிறார் என்று பலெர்மோவில் பூசைக்கு வருகிற சனம் எல்லாருக்கும் சொல்லிவிட்டதாக அம்மாவிடம் சொன்னாயாம். பிள்ளை, நான் படத்தில் இல்லை. அம்மா தொலைபேசியில் ஒரு மாதிரிச் சொல்லியிருப்பா, பரராசசிங்கம் கடையில் இன்னொரு மாதிரிச் சொல்வார்கள், அதனால்தான் என் கையால் எழுதுகிறேன்.

அன்ரனிட்டா ரீச்சர் எனக்கு ஒரு கதைப்புத்தகம் தந்தா, சிங்களத்தில் எழுதித் தமிழில் வந்தது. நான் முழுதாக வாசித்த முதல் புத்தகம் அதுதான், எழுத்துக்கு எழுத்து விரல் வைத்து வாசித்து முடிக்க ஐந்து மாதம் எடுத்தது. ஒரு கடற்தொழிலாளியின் மகனைக் கடலில் சுட்டுவிடுகிறார்கள். பல வருடம் கழித்து, சுட்டவர்களில் ஒருவன் ஒரு காலை இழந்து, தடி ஊன்றிக்கொண்டு அந்தத் தகப்பனைத் தேடி வருகிறான். எங்களிடம் இருக்கிற வழக்கம் உனக்குத் தெரியும், ஆனால் நீ இதை உபுலுக்கு வாசித்துக் காட்டவேண்டும் என்பதால் விளங்க எழுதுகிறேன். இரண்டு வீட்டுக்குக் கதைபேச்சு இல்லாமல் போனால், பிழை செய்தவன் ஒரு நாள் மற்றவனின் படலைக்கு, வேலி வாசலுக்கு, வந்து தண்ணீர் கேட்பான். மன்னிப்பு என்ற சொல்லை எடுக்கமாட்டான், கொஞ்சம் தண்ணி தருவியளோ என்பான், அவ்வளவுதான். வீட்டுக்காரன் கொடுக்கலாம், கொடுக்காமலும் விடலாம், அது அவன் உரிமை. கிணறு எல்லாம் உவராகிவிட்ட இடத்தில், பவுசர் லொறியில் வருகிற குடிதண்ணீரில் இருந்து ஒரு செம்பு கொடுத்தால் மனதோடு கொடுத்தான் என்று அர்த்தம். ஆனால் கேட்காதவனுக்குத் தண்ணீர் தூக்கிக்கொண்டு ஒருவரும் ஓடுவதில்லை. ஓடினால் பிழை செய்தவன் யார் என்றே தெரியாமல் போய்விடும்.

அந்தக் கதையை எழுதியவர் இதை இங்கே யாரிடமோ கேட்டுத் தெரிந்திருக்கிறார். கால் இல்லாதவன் படலையில் நின்று தண்ணீர் கேட்கிறான், தகப்பன் உள்ளே போய்ப் படுத்துவிடுகிறான். அடுத்த நாளும் வருகிறான், தகப்பன் அசையவில்லை. மூன்றாம் நாள் தன் பெயர், தன் ஊர், எந்த நாள், எந்தப் படகு, யார் சுடச் சொன்னது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கேட்கிறான். அப்போதுதான் தகப்பன் செம்பை எடுக்கிறான். அந்த ஒரு பக்கத்தை வாசிக்க எனக்கு நாலு நாள் எடுத்தது, எழுத்துக் கூட்டக் கஷ்டமாக இருந்ததால்தான். சரி, கொஞ்சம் அழுததாலும்தான்.

அந்தப் புத்தகத்தைப் படமாக்க ஆனி மாதம் ஒரு கூட்டம் இங்கே வந்தது. டைரக்டர் பிரசாந்தன் என்ற தம்பி, மரியாதையான பிள்ளை, கடற்கரையில் என்னைக் கண்டுவிட்டுக் கிழட்டுத் தகப்பனாக நடிக்க இந்த முகம்தான் வேண்டும் என்றார். எனக்குப் பிடிபடாத சந்தோசம். ஒரு கிழமை கண்ணாடி பார்த்தேன், அம்மா சிரித்தா. படம் எடுக்கிற நாள் காலையில்தான் என்ன செய்யவேண்டும் என்று சொன்னார்கள். படலை இல்லையாம், மூன்று நாளும் இல்லையாம். கால் இல்லாதவன் கரையில் கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பானாம், நான் வீட்டுக்குள் இருந்து செம்போடு ஓடிப்போய் அவனுக்குக் குடிக்கக் கொடுத்து, கட்டிப்பிடித்து, எல்லாத்தையும் மறந்திட்டன் மகனே என்று சொல்லவேண்டுமாம்.

நான் செம்பைக் கீழே வைத்தேன். தம்பி, இவன் இன்னும் கேக்கேல்லை என்றேன். ஐயா, கேக்காமலே குடுக்கிறதுதான் பெரிய மனசு, பாக்கிற சனம் அழும் என்றார். சனத்துக்கு அழக் காரணம் குறைவில்லைத் தம்பி, முதல்லை அவனைக் கேக்கச் சொல்லும் என்றேன். வெளிநாட்டிலை பாக்கிறவைக்குப் படலை விளங்காது ஐயா என்றார். படலை விளங்காதவைக்குத் தண்ணி மட்டும் எப்பிடி விளங்கும் என்று கேட்டேன். பிறகு பையில் இருந்த புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தை விரித்து, விரலை வைத்து, எல்லாருக்கும் கேட்க வாசித்தேன். மெதுவாகத்தான் வாசித்தேன், எனக்கு அவ்வளவு வேகம்தான் வரும். கமராக்காரர் மணியைப் பார்த்தார்கள், வெயில் தலையில் ஏறியது, நான் நிறுத்தவில்லை, பக்கம் முடிகிற வரைக்கும் வாசித்தேன். கடைக்காரப் பரராசசிங்கம் வேடிக்கை பார்க்க வந்து நின்றவர், எழுத்துப் படிச்சு ஒரு வருசம் ஆகேல்லை, அதுக்குள்ளை டைரக்டருக்குப் பாடம் எடுக்கிறாய் சவிரி என்றார், சனம் சிரித்தது. சிரிக்கட்டும். டைரக்டர் தம்பி கோபிக்கவில்லை, ஆனால் மாற்ற ஏலாது என்று சொல்லிவிட்டார். எனக்கும் ஏலாது என்று சொல்லி அவர்கள் தந்த சாரத்தை அவிழ்த்து மடித்துக் கொடுத்துவிட்டு என் சாரத்தைக் கட்டினேன்.

அந்தச் சாரத்தைப் பரராசசிங்கத்துக்குக் கட்டிவிட்டார்கள். படம் அங்கே வந்தால் வயிற்றைத் தூக்கிக்கொண்டு செம்போடு ஓடுகிறவர் நான் இல்லை, அவர்தான், சனத்துக்குச் சொல்லிவிடு. இரண்டு முறை தடக்கி விழுந்தார். மூன்றாம் முறை சரியாக ஓடிக் கொடுத்தார், ஆனால் அந்தப் பட்டணத்துக்காரர் செம்பை எங்கள் கிணற்றில் நிரப்பியிருந்தார்கள், கால் இல்லாதவனாக நடித்த பாவி மனிதன் ஒரு வாய் குடித்துவிட்டு அப்படியே கடலுக்குள் துப்பினான். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

நான் ஏன் அப்படி நின்றேன் என்று நீ கேட்பாய். வாயால் சொன்னால் போகிறது, நடிப்புத்தானே என்று அன்ரனிட்டா ரீச்சர்கூடச் சொன்னா. பிள்ளை, மறந்திட்டன் என்று அந்தக் கமராவுக்கு முன்னால் நான் சொன்னால், கல்லில் கொத்தி எடுத்த பொய்யை நானே திரும்ப வெட்டிய மாதிரி. றொமேஷுக்காக ஒருவரும் எங்கள் படலைக்கு வரவில்லை. ஒருவன் வந்து பெயரைச் சொல்லிக் கேட்டால் அப்போது பார்க்கலாம், நான் கல்லு மனசுக்காரன் இல்லை. வராதவனுக்கு இந்த வீட்டில் செம்பு கவிழ்த்துத்தான் இருக்கும், யார் எத்தனை படம் எடுத்தாலும்.

அன்றைக்கு மத்தியானம் பெரிய வீரன் மாதிரி வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு எல்லாம் சொன்னேன். அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா, தலையை நிமிர்த்தவே இல்லை.

"கேக்காதவனுக்குக் குடுக்க ஏலாது எண்டியள், சரி. ஏழு வருசமாக் கேட்டுக்கொண்டு நிக்கிற பெடியனுக்கு என்ன குடுத்தனியள்?"

அம்மா உபுலைத்தான் சொன்னா. நீ உபுலைக் கட்டிய நாளில் இருந்து ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் கோயில் பெருநாளுக்கும், உன் தொலைபேசி அழைப்பில் அவர் முகம் வரும், அரைத் தமிழில், அப்பா இருக்கிறாரா, ஒரு நிமிசம் கதைக்கலாமா என்று கேட்பார். நான் கோழிக்குத் தீன் போட எழுந்து போய்விடுவேன். எந்த நேரம் என்றாலும் கோழிக்குத் தீன் போடுவேன், அந்தக் கோழிகளே என்னைக் கண்டு சலித்திருக்கும். உண்மையை எழுதுகிறேன் மகள், அவர் பாஷை, சிங்களம், காதில் விழுந்தால் எனக்கு அந்தக் காலை கேட்கும், படகுக்கு மேலால் சத்தம் போட்ட குரல்கள் கேட்கும். அந்தக் காலையில் உபுல் மாத்தறையில் ஒரு பேக்கரியில் மா பிசைந்துகொண்டிருந்தார் என்று அம்மா சொன்னா. அம்மா அதையும் கேட்டு அறிந்து வைத்திருக்கிறா, நான் ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று நாள் வகுப்புக்குப் போகவில்லை. பிறகு உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதினேன், உபுலை மன்னித்துவிட்டேன் என்று. எழுதி முடித்து வாசித்துப் பார்த்தேன், வாசிக்கத் தெரிந்தால் இதுதான் கரைச்சல், என் சொந்தப் பொய்யும் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பிள்ளை எனக்கு என்ன செய்தது, நான் மன்னிக்க? கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டேன். எங்கள் வீடு, உங்கள் வீடு இரண்டில் பிழை செய்தவன் நான். அப்படியென்றால் படலைக்கு வரவேண்டியவனும் நான்தான்.

உன் சித்தப்பாவிடம் சொன்னேன், வாற பெருநாளுக்கு இரண்டு பேரையும் கூப்பிடப் போகிறேன் என்று. ஒரு சிங்களவன் இருக்கிற வளவுக்குள் தான் கால் வைக்கமாட்டேன், றொமேஷை மறந்திட்டியோ அண்ணை என்றார். மறக்காதபடியால்தான் படத்தில் நடிக்கவில்லை, நீ வராவிட்டால் எனக்கு ஒரு கதிரை மிச்சம் என்று சொல்லிவிட்டேன். சுட்டவனையும் மா பிசைந்தவனையும் ஒன்றாகக் கட்டிவைக்க இனி என்னால் ஏலாது.

முழங்கால் நோவோடு அந்த முதியோர் இல்லத்தில் பகலும் இரவுமாக இரண்டு முறை வேலை செய்யாதே, நீயும் கிழவியானால் யார் யாரைத் தூக்குவது? அண்ணாவின் நினைவு நாளுக்குப் பூசை ஒப்புக்கொடுக்க மறக்காதே. கடவுள் உங்கள் இரண்டு பேரையும் நோய் நொடி இல்லாமல் வைத்திருக்கட்டும். அடுத்த கிழமை இன்னொரு தாள் எழுதுவேன், பதில் வந்தாலும் வராவிட்டாலும் எழுதுவேன். அன்ரனிட்டா ரீச்சர் உபுலின் பெயரைச் சிங்கள எழுத்தில் காட்டித் தருகிறா, முதல் எழுத்து இப்போதைக்கு எனக்கு நண்டு மாதிரித்தான் வருகிறது.

இனி வருகிற வரியை நீ மனதுக்குள் வாசிக்காதே. அவரைப் பக்கத்தில் இருத்தி, சத்தமாக வாசி. அவர் மாட்டேன் என்றாலும் அது அவர் உரிமை, நான் படலையில்தான் நிற்பேன், கோழியிடம் போகமாட்டேன்.

தம்பி உபுல், கொஞ்சம் தண்ணி தருவீரோ?

இப்படிக்கு,
கைநாட்டு அல்ல, கையெழுத்து,
உன் அப்பா
சவிரிமுத்து